பேஸ் பார்க்க வந்தவர்

"கொஞ்சம் மெதுவா பேசுங்க, அவர் தூங்குறார்" என்றேன், மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு என்ன தூக்கம் என்று அவர் முகம் கேட்டது. என் கணவருக்கு பேக்கரியில் ராத்திரி வேலை, விடிந்த பிறகுதான் வீடு வருவார் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, பூனை மாதிரி அடி வைத்து உள்ளே வந்தார்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மாலை வரை பேருந்துக்கும் எனக்கும் ஓய்வு. அந்த இடைவெளியில்தான் பதினான்கு வருடமாக என் பேஸ் கிடார். சனிக்கிழமைகளில் ஐந்து பேர் சேர்ந்து ஹோட்டல்களில் வாசிக்கிறோம்.

அந்த பேஸைத்தான் இன்று இந்த மருந்துக்கடைக்காரருக்கு விற்கப் போகிறேன்.

எனக்கு வேறொன்று கிடைத்துவிட்டது. மூன்று வருடம் கடை கடையாக ஏறி இறங்கி, மடியில் வைத்ததற்கெல்லாம் ஏதோ ஒரு நொட்டை சொல்லித் திருப்பிக் கொடுத்து, என் தலையைக் கண்டதும் கடைக்காரர்கள் டீ குடிக்கக் கிளம்பும் அளவுக்குப் பேர் வாங்கிய பிறகு, போன வாரம் கிடைத்தது. கனமில்லை. கழுத்து கைக்குள் அடங்கியது. மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு சுரமும் ஒரே அளவுக்கு நின்று ஒலித்தது. சாகும்வரை இது போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்று மாலை ஆறு மணி வரை எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இரண்டுக்கு இடமில்லை. ஒன்று போனால்தான் இன்னொன்று வரும்.

கணவரிடம் சொன்னபோது, "உனக்குப் பிடிச்சா சரி" என்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். நாங்கள் பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டினால் பாடகியைப் பாராட்டுவார், டிரம்ஸுக்குத் தாளம் போடுவார், கடைசியில் "இதுல நீ எங்க வர்ற?" என்று கேட்பார்.

நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உள்ளே சுருக்கென்று இருக்கும். கூடவே இருக்கிற மனிதருக்கே கேட்கவில்லை என்றால் வேறு யாருக்குத்தான் கேட்கும்? அதனால்தான் நல்ல பேஸ் ஒன்று வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம். குறை கருவியில் இருந்துவிட்டுப் போகட்டும், என்னிடம் இருக்க வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் பேஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காலாவதித் தேதியைத் தேடுகிறாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கூட்டும் ஆம்ப் போட முடியாது என்பதால் என் வழக்கத்தை அவருக்குக் காட்டினேன். நாற்காலியை அலமாரியை ஒட்டிப் போட்டு, கிடாரின் தலையை மரக் கதவில் அழுத்தி வைத்து வாசித்தால், அலமாரியே அடிக்குரலில் பேசத் தொடங்கிவிடும். வாசிப்பவருக்கு நன்றாகக் கேட்கும், வெளியே போகாது. இத்தனை வருடமும் என் கணவர் தூக்கம் கெடாமல் இப்படித்தான் பழகுகிறேன். அலமாரிக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில்.

நான் தினமும் முதலில் வாசிக்கும் வரிசையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மருந்துக்கடைக்காரர் அதையே வாசித்தார். நன்றாகவே வாசித்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஆனால் அவரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. மெல்லிய தந்தியில், கழுத்தின் நடுவில், ஒரு சுரம் பிறந்ததும் செத்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் 'டுப்' என்று அடங்கிவிடும். மரத்தின் பிறவிக் குறை. வாங்கிய மாதமே கண்டுபிடித்து, அன்றிலிருந்து அந்தச் சுரத்தை மட்டும் பக்கத்துத் தந்தியில் தள்ளிப்போய் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவில்கூட யாருக்கும் தெரியாது.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆறு மணி ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன்.

அவர் விரல் நேராக அங்கேயே போய் விழுந்தது. சுரம் செத்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முதலிலிருந்து வந்தார். அதே இடத்தில் மறுபடியும் செத்தது.

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. கதவு படாரென்று திறந்தது.

குழாய் பதிக்க வாசலிலேயே ரோட்டை உடைத்தபோது புரண்டுகூடப் படுக்காத மனிதர், பாதி மூடிய கண்ணோடு நேராக என்னிடம் வந்தார். அலமாரி ஓரம் ஒருவர் உட்கார்ந்திருப்பதையே பார்க்கவில்லை. என் இடது கையைப் பிடித்து விரல் விரலாக விரித்துப் பார்த்தார்.

"கையில என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லையே. ஏன்?"

"ரெண்டு தடவ தடுக்குச்சே. நீ அங்க தடுக்கவே மாட்டியே."

நான் அலமாரியையும் அதன் பின்னால் இருந்த சுவரையும் பார்த்தேன். அவர் இன்னும் என் சுண்டுவிரலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். பேஸை என் மடியில் வைத்துவிட்டு, வந்தது போலவே பூனை நடை நடந்து செருப்பைத் தேடிப் போனார். கிடார் கடைக்கு நான் போன் செய்து, எனக்காக எடுத்து வைத்த பேஸை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்ல வேண்டும்.

கை சரியாக இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் என் கணவர் கொட்டாவி விட்டார்.

"அப்ப வாசி. எனக்கு இன்னும் தூக்கம் பாக்கி இருக்கு."