குரூப்பில் வந்த பட்டியல்

ஜீவனஹள்ளி மைதானத்தில் இளவெயில் கோல்கம்பத்தின் நிழலை நீளமாகக் கிடத்தியிருக்கிறது. ஹரிஷ்குமார் பூட்ஸ் கயிற்றை மெல்ல அவிழ்க்கிறான். ஒன்பது வருடமாக இந்த அணியின் கோல்கீப்பர் அவன். இன்றைய இறுதிப் போட்டியில் அவனுக்கு இடமில்லை. "என்ன மச்சான், இன்னிக்கு விஐபி கேலரியா?" என்று யாரோ சீண்டுகிறார்கள். கோச் தனபால் அவனருகே வந்து தயங்கி நிற்கிறார். முப்பது வருடக் கோப்பைகளுக்கு அவருடைய ஆட்ட வியூகம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டுமில்லை என்று அவருக்குத் தெரியும். அணியில் இடமில்லாதவனைத்தான் அவர் முதலில் தேடிப்போவார். தோளில் கைபோட்டு, இடமில்லை என்பதைத் தானே சொல்வார். அதனால் கோபித்துக்கொண்டு போனவன் ஒருவனும் இல்லை. நேற்று மட்டும் அலுப்பில், இறுதிப் போட்டியில் ஆடுபவர்களின் பட்டியலை அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். முருகா, எவ்வளவு சின்ன வேலை அது! "ஹரிஷு, நானே நேர்ல வந்து..." "பரவால்ல கோச். வூட்ல எல்லாரையும் மேட்ச்சுக்குக் கூப்ட்ட அப்புறந்தான் லிஸ்ட்டப் பாத்தேன்." குரலில் கோபமே இல்லை. எழுந்து போய், டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வருகிறான். கிளவுஸால் தூசி தட்டிக் கோட்டோரம் போடுகிறான். "முட்டி வலியோட எவ்ளோ நேரம் நிப்பீங்க? உக்காருங்க கோச்." விசில் ஒலிக்கிறது. தனபால் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருக்கிறார்.