பழைய சங்கேதம்

மழை பெய்துகொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று நிச்சயமாக நினைவில்லை. ரக்பி ஆட்டத்தின் கடைசி நிமிடம்; தோற்பவர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டு புள்ளி பின்தங்கிய பொன்ட்லாஸ் அணி, இரு அணியினரும் வரிசை கட்டி நிற்க, கோட்டோரத்திலிருந்து பந்தை எறியக் காத்திருக்கிறது. ஆறு வருடம் பயிற்சி தந்த எம்ரிசைப் போனிலேயே நீக்கிய கிளப் அது. இன்று அவர் எதிரணியின் கோச்சாக, எறிபவனுக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறார். "மெகன்!" என்று அவன் கத்துகிறான். பந்து வரிசையின் கடைசி ஆளுக்கு என்று பொருள். அங்கே இருந்தபோது எம்ரிஸ் தன் மனைவி பெயரில் வைத்த சங்கேதம். "இன்னுமா மாத்தல, சோம்பேறிப் பசங்க!" என்று முணுமுணுத்தவர், தன் ஆட்களைப் பார்த்துக் குரலெடுக்கிறார்: "டெவியத் தூக்குங்கடா, கடைசி ஆளுக்குத்தான்!" இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து உயரத் தூக்க, மஞ்சள் விளக்கொளியில் டெவியின் சேற்று விரல்கள் பந்தைப் பறிக்கின்றன. ஆட்டம் முடிந்த விசில் ஒலிக்கிறது. வேலியோரம் பொன்ட்லாஸ் தலைவர் ப்ராசர் கையில் டீயோடு அசையாமல் நிற்கிறார். "என்ன ப்ராசர், டீ ஆறிப்போச்சா?" என்கிறார் எம்ரிஸ்.

பொன்ட்லாஸ் கீழே இறங்கியது. ப்ராசர் அந்த மாதமே பதவி விலகினார். எம்ரிஸ் மேலும் நான்கு வருடம் கோச்சாக இருந்தார்; ஒரு கோப்பைகூட ஜெயிக்கவில்லை, அதற்காக வருந்தவும் இல்லை.