பட்டாபிஷேகப் படம்

வெள்ளக்கடையில் தம்பி சித்தனுக்குச் சேர வேண்டிய காப்பித் தோட்டத்தையும் தன் பெயருக்கே எழுதிக்கொண்டான் மாதேஷ். சித்தன் தன் மனைவியோடு மலையடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கிப் போனான்.

அன்று சாயங்காலம் மாதேஷின் மனைவி கலா, கூடத்தில் மாட்டியிருந்த தஞ்சாவூர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, ராமர் பக்கத்துல லட்சுமணனைக் காணோமுங்க."

லட்சுமணன் நின்ற இடத்தில் தங்க ரேக்கு மட்டும் வழவழவென்று மின்னியது.

மாதேஷ் ஏற்காட்டிலிருந்து ஓவியர் ராணியை வரவழைத்தான்.

"யாரும் சுரண்டலீங்க. வரைஞ்ச தடமே இல்லீங்களே," என்றாள் அவள். ஆனாலும் லட்சுமணனைப் புதிதாக வரைந்து கொடுத்தாள்.

"கொழுந்தனாரைத் திரும்பக் கூப்புடுங்க. நொம்பப் பயமா இருக்குதுங்க," என்று கலா அழுதாள்.

"இந்த ஊட்டுல அவன் பேச்சே வேண்டாம்."

விடிந்ததும் மாதேஷே போய்ப் பார்த்தான். லட்சுமணன் இல்லை. ராமரும் சீதையும்கூட இல்லை. கல் பதித்த சிம்மாசனம் காலியாக இருந்தது. அதன் கீழே அனுமார் மட்டும் இன்னும் கைகூப்பி மண்டியிட்டிருந்தார்.