சிவப்பு சாட்டின் லைனிங்

யட்டியாந்தோட்டை வெக்கையில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது கள்ளனாக இருக்க வேண்டும். கிருஷ்ணகுமார் கள்ளன்தான் என்று ரப்பர் பெக்டரி ஒபிசர் இராசநாயகம் அடித்துச் சொன்னார். அவனுக்குப் பைத்தியம் இல்லை என்பதைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே விசாரித்துவிட்டார்.

அது 1997ஆம் வருடம். இரண்டு மாதமாகப் புகைக்கூட்டில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் புகைக்கூட்டில்தான் கிருஷ்ணகுமாருக்கு வேலை. சைப்ரஸில் வீட்டு வேலை செய்யும் அக்கா தனுஜா அனுப்பிய ஜாக்கெட்டை அவன் மாட்டத் தொடங்கியதும் அதே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான். பிடிபட்டால் வேலையிலிருந்து பேர் வெட்டுவார்கள். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவையும் பறிப்பார்கள். தாய் வெள்ளையம்மாவைக் கூட்டிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

வேலை விட்டதும் கேட்டில் தினமும் அவனுக்குச் சோதனை நடந்தது.

“என்ன தம்பி, இந்த வெக்கைக்குள்ள உந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரியிறாய்?” என்றார் சாவகச்சேரிக்காரரான இராசநாயகம்.

“காம்பராவுல வச்சுட்டு வந்தா களவு போயிருங்க ஐயா. தோட்டத்துல கள்ளன் இருக்கான்னு நீங்கதானுங்களே நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க.”

இராசநாயகம் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கினார். உள்ளை வெளியாகப் புரட்டி, உதறி, முகர்ந்தும் பார்த்தார். வெறுந்தோல். லைனிங் துணி கிடையாது, உள்பாக்கெட் கிடையாது. ஒரு பீடித் துண்டைக்கூட ஒளிக்க வழியில்லை.

“லைனிங் இல்லாட்டி லேசுங்க ஐயா,” என்று கிருஷ்ணகுமார் ஆரம்பித்தான். “மழையில நனைஞ்சாலும் சுருக்கா காயும். சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கலாம். ஒரே கரைச்சல் என்னன்னா, வேர்த்தா முதுகோட ஒட்டிக்குது. கழட்டுறப்ப சட்டையும் சேந்து வருது. சாயம் வேற எறங்கி, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை இப்ப தேத்தண்ணிக் கலருங்க.”

இந்தப் பிரசங்கத்தைப் பன்னிரண்டு நாள் ஒரு எழுத்து மாறாமல் இராசநாயகம் கேட்டார். பதின்மூன்றாம் நாள் தோட்டத்தை நடத்தும் துரை அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குள் கள்ளன் வந்து சேர வேண்டும் என்று சத்தம் போட்டார்.

அன்று பின்னேரம் கேட்டில் இராசநாயகத்தின் குரலில் தேன் ஒழுகியது.

“பார்க்கப் பாவமாக் கிடக்கு தம்பி. உந்த ஜாக்கெட்டை இஞ்ச தா. என்ர மனிசி நல்லாத் தைப்பா. லைனிங் போட்டுத் தாறன்.”

கிருஷ்ணகுமார் கும்பிட்டுவிட்டுப் போனான். கேட் வாச்சர் கன்னையாவுக்குத் தலை சுற்றியது.

“கள்ளனுக்கு நாமளே பை தச்சுக் குடுக்கிறதுங்களா ஐயா?”

“ஒளிக்க இடமில்லாதபடியால்தான் அவன் எங்கையோ ஒளிக்கிறான், கன்னையா. நாங்கள் ஒரு நல்ல இடத்தைக் குடுத்தால் அங்கதானே ஒளிப்பான்? தேடுற வேலை மிச்சம். சனிக்கிழமை துரைக்கு முன்னால பிரிப்பம். அதுவரைக்கும் ஒருத்தரும் அவனைச் சோதிக்கப்படாது.”

படித்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கன்னையா தலையாட்டினார்.

புதன்கிழமை ஜாக்கெட் திரும்பி வந்தது. உள்ளே பளபளவென்று சிவப்பு சாட்டின். இராசநாயகத்தின் மனைவி பத்மாசனியின் தையலில் ஒரு இழை பிசகவில்லை. ஒபிசர் வீட்டு அம்மா தனக்காக ஊசி பிடித்தாரே என்று கிருஷ்ணகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழனும் வெள்ளியும் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு ராஜநடையாகப் போய் வந்தான். கேட்டில் ஒருவரும் அவனைத் தொடவில்லை. புகைக்கூட்டில் இன்னும் இரண்டு ஷீட்டுகள் குறைந்தன. இராசநாயகம் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை வேலை விடும் நேரத்துக்குத் துரையின் ஜீப் வந்து நின்றது. கூடவே பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரும் இறங்கினார். பெக்டரி முழுக்கக் கேட்டுக்கு வந்துவிட்டது. இராசநாயகம் சவர பிளேட்டோடு தயாராக நின்றார்.

“சேர், இப்ப பாருங்கோ!”

கிருஷ்ணகுமாரின் மேலிருந்து ஜாக்கெட்டை உருவி, ஒரே புரட்டாகப் புரட்டினார்.

வெறுந்தோல். சிவப்பில் ஒரு நூல்கூட இல்லை.

“லைனிங் எங்கையடா?”

“மன்னிச்சுக்குங்க ஐயா. போட்டுக்கிட்டு நாலு அடி வைக்க முடியல, அவ்வளவு சூடு. நீங்க குடுத்த அன்னைக்கு லயத்துக்குப் போனதுமே எங்கம்மா பிரிச்சுப் போட்டுருச்சு.”

“பிரிச்சதோ? அப்ப அதுக்குள்ள நான் வைச்ச ஷீட் எங்கை?”

கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. பிளேடு கை நழுவி விழுந்தது.

“சாட்டின் பத்தாம ரப்பரை வச்சு ஒட்டுப் போட்டிருக்காங்கன்னு அம்மா சொல்லுச்சுங்க,” என்றான் கிருஷ்ணகுமார் பணிவாக. “பெக்டரி சாமானாச்சே, திருப்பிக் குடுத்துருவோம்னு வியாழக்கிழமை காலையில கொண்டாந்தேன். பேர் எடுக்கிற பெரட்டுல நீங்க இல்ல, துரைதான் நின்னாரு. அவருகிட்டயே குடுத்துட்டேங்க.”

துரை ஜீப்பின் பின்பக்கப் படங்குத் துணியைத் தூக்கிக் காட்டினார்.

அன்று காலை இராசநாயகத்தின் வீட்டுக் கோழிக்கூட்டிலிருந்து பொலிஸ் எடுத்த முப்பத்தெட்டு ரப்பர் ஷீட்டுகள் அங்கே ஒழுங்காக அடுக்கியிருந்தன.