ஈகிள்ஸ் கிளப்பின் பொன்விழா

“பொன்விழாக் கண்காட்சிக்கு ஒரு போட்டோகூட இல்லீங்க சார். கிளப் ரூம் ஒழுகி எல்லாம் நனைஞ்சு போச்சு. வெறும் சுவரைக் காட்டினா, நாம ஒரு காலத்துல ஃபைனல் ஜெயிச்ச டீம்னு எங்க பசங்க எப்படி நம்புவாங்க?” என்றார் ஜமீர் அகமது. கெலமங்கலம் ஈகிள்ஸ் கால்பந்துக் கிளப்பின் இளம் செயலாளர். பழைய படங்கள் அழகர்சாமியிடம் இருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு ஓசூருக்கு வந்திருந்தார்.

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் அழகர்சாமி பீரோவைத் திறந்து, கட்டில் முழுக்கப் படங்களைப் பரப்பினார்.

“இது எழுபத்தெட்டாம் வருஷத்து ஃபைனல். கோல் அடிச்சவர் கௌஸ் மொய்தீன். அவர் பார்க்கிறது ஒரு பக்கம், பந்து போறது இன்னொரு பக்கம்.”

“கல்யாண போட்டோவைக் கரையான் தின்னுச்சு. இதை மட்டும் தொடவிட மாட்டாரு” என்றாள் மனைவி கருப்பாயி.

ஜமீர் சிரித்தார். “நீங்கதான் ரிப்பன் வெட்டணும் சார். நம்ம கிளப்புல எந்த இடத்துல ஆடினீங்க?”

“உங்க கிளப்புலயா? நான் கிருஷ்ணகிரி டீம் கோல்கீப்பர். அந்தக் கோலை விட்டவனே நான்தான்.”

ஜமீர் திகைத்தார். “தோத்த மேட்ச் படத்தையா இத்தனை வருஷம் வெச்சிருந்தீங்க?”

“கௌஸ் மொய்தீன் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்னு ஊரு மறந்துட்டா, எவன்கிட்டயோ கோல் வாங்கினவன்னு என்னையில்ல சொல்லுவாங்க?”

“அப்போ ரெண்டு பேருமே சேர்ந்து வெட்டுங்க. கௌஸ் பாய் ஜூஜுவாடியில கடை வெச்சிருக்காரு.”

அழகர்சாமி எழுந்து நின்றுவிட்டார்.

“ரிப்பன் கிடக்கட்டும் தம்பி. ஒரு பந்து கொண்டாரச் சொல்லு. இந்தத் தடவை விடமாட்டேன்.”