ஊரில் இல்லாதவர்கள்

"என் ஓட்டை எவ போட்டா?"

ஒச்சம்மா போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற போலீஸ்காரரே உள்ளே எட்டிப் பார்த்தார்.

கச்சால் தீவு, ரப்பர் காலனிப் பள்ளிக்கூடம். வாக்குப்பதிவு முடிய இருபது நிமிடம் இருந்தது. ஒச்சம்மா கறுப்புக் கண்ணாடியும் தோளில் தொங்கும் பையுமாக, கப்பலிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருந்தாள்.

"உங்க பேருக்கு நேரா ஓட்டுப் பதிவாகியிருக்கும்மா. நான் என்ன செய்ய?" என்றார் தேவேந்திரன். வாக்காளர் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கும் அலுவலர்.

"அரே, கண் ஆபரேஷனுக்கு மெட்ராஸ் போய் ரெண்டு மாசமாச்சு. போர்ட் பிளேயர்ல கப்பல் லேட்டு. இந்தத் தடவை சின்னம் பளிச்சுன்னு தெரியும்னு ஓடி வர்றேன், பதிவாயிருச்சுங்குற! இந்தா கப்பல் டிக்கெட்டு. பாரு."

தேவேந்திரன் டிக்கெட்டைப் பார்த்தார். மேஜை மேல் இருந்த 'ஊரில் இல்லாதவர்கள்' பட்டியலையும் பார்த்தார். அதிலும் ஒச்சம்மாவின் பெயர் இருந்தது.

"காலையிலேர்ந்து இத்தனை முகம். எனக்கு எது ஞாபகம் இருக்கு? மேடம், நீங்களே பாருங்க."

வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் சங்கவி எழுந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவளுக்கு இதுதான் முதல் தேர்தல் வேலை. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். ரெஜிஸ்டரைத் திருப்பி ஒச்சம்மாவிடம் காட்டினாள்.

"கைநாட்டு இருக்கும்மா."

"கைநாட்டா?" ஒச்சம்மா குனிந்து பார்த்தாள். "புள்ள, சிலோன் தோட்டத்துல எங்கப்பாவுக்கு ஓட்டே கிடையாது. சாகுற வரைக்கும் கிடையாது. இங்க வந்து எனக்கு ஓட்டு வந்தப்ப, கைநாட்டு வைக்க மாட்டேன்னு ராவும் பகலும் பேரெழுதிப் பழகினவ நான். எந்த எலெக்‌ஷன் ரெஜிஸ்டரை வேணாலும் எடுத்துப் பாரு, கையெழுத்துதான் இருக்கும்."

சங்கவி ரெஜிஸ்டரை மூடினாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஒரு கட்சியின் ஏஜென்ட் அழகையா. "மெஷினே தோக்கா, ஏமாத்து. வராத ஆளு ஓட்டையும் அதுவே போட்டுக்குது."

"மெஷினுக்கு ஆள் பேரே தெரியாதுண்ணா," என்றாள் சங்கவி மெல்ல. "நெட் கிடையாது, சிம் கிடையாது. எந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"காலையில உங்க கண்ணு முன்னாடிதானே அம்பது ஓட்டு ஒத்திகை பார்த்தோம்?" தேவேந்திரன் அழகையாவை மடக்கினார். "கணக்கு ஒண்ணாவது தப்புச்சா? அது முடிஞ்ச கையோட முன் பெஞ்சு யாருக்குன்னு நீயும் மரகதம் அக்காவும் அடிச்சுக்கிட்டீங்க. மேடம் ஓடி வந்து விலக்கலைன்னா ஓட்டெடுப்பே தொடங்கியிருக்காது."

"பெஞ்சு எனக்குத்தான் முதல்ல," என்றாள் இன்னொரு ஏஜென்டான மரகதம்.

"பார்த்தீங்களா? மத்தியானம் அந்தப் பேய் மழையில ஒரு ஓட்டர் வரல. நாம எல்லாரும் அடுத்த ரூம்ல போய் மீன் குழம்பு சாப்பிட்டோம். மேடம் மட்டும் பட்டினியா மெஷினுக்குக் காவல் இருந்தாங்க. அப்புறம் எவன் வந்து என்ன பண்ண முடியும்?" என்றார் தேவேந்திரன்.

"உங்க கட்சிச் சண்டையெல்லாம் இருக்கட்டும். என் ஓட்டு?" என்றாள் ஒச்சம்மா.

சங்கவி உறையிலிருந்து ஒரு காகிதச் சீட்டை எடுத்தாள். "உங்க பேர்ல வேற யாரோ போட்டிருந்தா, இதுல முத்திரை குத்தித் தரலாம்மா. தனிக் கவர்ல வைப்போம்."

"இத எண்ணுவாங்களா?"

சங்கவி சீட்டைப் பார்த்தாள். "சாதாரணமா எண்ண மாட்டாங்கம்மா. கோர்ட்டு கேட்டாத்தான்."

ஒச்சம்மா சீட்டை வாங்கி, மறைவுக்குப் போய், முத்திரை குத்தி, நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். அதற்கான பட்டியலில் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தித் தன் பெயரை எழுதினாள்.

ஆறு மணி அடித்தது. சங்கவி மெஷினை மூடி, மொத்தம் காட்டும் பட்டனை அமுக்கினாள்.

நானூற்று முப்பத்தெட்டு.

தேவேந்திரன் ரெஜிஸ்டரின் கடைசி வரிசை எண்ணை உரக்க வாசித்தார். "நானூத்தி முப்பத்தெட்டு! ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. டீக் ஹை, சரிதானே?"

அழகையா தலையைச் சொறிந்தார். "கணக்கு இம்மி பிசகல. மெஷினைச் சொன்னது தப்புதான்." கணக்குத் தாளில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

வாசல் வரை போன ஒச்சம்மா திரும்பி வந்தாள்.

"மெஷின் பொய் சொல்லல. அப்ப இது மனுசன் பண்ணுனது. யாருன்னு பார்த்துச் சொல்லுவியா, புள்ள? வேற ஆபீசரு யாரையும் எனக்குத் தெரியாது. உன் முகத்தைப் பார்த்து நம்பிப் போறேன்."

"மேலே எழுதி அனுப்புறேம்மா," என்றாள் சங்கவி.

சீல் வைத்து முடித்ததும், பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் குழாயடிக்குத் தனியாகப் போனாள். மதியத்திலிருந்து சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்த இடது கையைத் தண்ணீருக்கு நீட்டி, சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். கட்டைவிரலில் ஏறியிருந்த ஊதா மை போகவில்லை. காலையில் பெஞ்சுச் சண்டையை விலக்க ஓடியபோது ஒத்திகை ஓட்டு ஐம்பதையும் மெஷினிலிருந்து அழிக்க மறந்தவள், மதியம் மழை விடுவதற்குள் 'ஊரில் இல்லாதவர்கள்' பட்டியலைப் பார்த்து கணக்கு ஒத்துப்போக ஐம்பது பெயருக்கும் கைநாட்டு வைத்து முடித்த விரல் அது.