எச்சில் படாத பாட்டில்

அவரவர் பெயரில் பதிந்த காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தண்ணீர் பாட்டில். குடித்தவர் யாரென்று தண்ணீர் தரும் எந்திரம் உதட்டுத் தடத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும், அவ்வளவு புத்திசாலி. மங்கையர்க்கரசியோ பிறந்ததிலிருந்து அண்ணாந்து குடிப்பவள்.

"தடம் இல்லை. திருட்டுப் பாட்டில்," என்று வரிசைக்கே கேட்கும்படி அறிவித்தது எந்திரம்.

"எச்சில் பண்ணாம குடிச்சது ஒரு குத்தமா?"

"இப்பவாவது வாய வச்சுத் தொலையேன்டி," என்றார் கணவர் தணிகாசலம்.

"செத்தாலும் மாட்டேன்."

அவரே பாட்டிலைப் பிடுங்கி வாய்வைத்து, எந்திரத்திடம் நீட்டினார்.

"பாட்டில் மனைவியுடையது, உதடு கணவருடையது. மோசடி. இருவருக்கும் தண்ணீர் இல்லை."

அவருடைய வறண்ட உதட்டைப் பார்த்தாள் மங்கையர்க்கரசி. கல்யாணமான நாளிலிருந்து அவர் எச்சில் டம்ளரைத் தொடாதவள், கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலில் அவர் வாய்வைத்த அதே இடத்தில் வாய்வைத்து, எந்திரத்திடம் நீட்டினாள். தணிகாசலம் வெட்கத்தில் மேலே பார்த்தார்.

"தடம் சரி," என்றது எந்திரம். "சுகாதாரம் காத்தமைக்கு நன்றி."